மண்ணுக்கடியில் போன ஊர்வலம்

வாகைப்பேரியில் மண்ணுக்கடியில் ஒன்று நடந்துபோகிறது என்பதை முதலில் கேட்டவர் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் கோமதிநாயகம். அவர் அதைத் தேடிப் போகவில்லை. அவர் தேடியது புதையலை, அதுவும் கிடைத்தால் சரி, கிடைக்காவிட்டாலும் சரி என்கிற அளவில்தான். வேலையில் இருந்த காலம் முழுக்க ஓடுகிற வண்டிக்குள் முன்னும் பின்னும் நடந்து, முகங்களைப் பார்த்துப் பார்த்துச் சலித்து, மூட்டு இரண்டும் தேய்ந்து வீட்டுக்கு வந்தவருக்கு, இனிமேல் தரையைப் பார்த்துக்கொண்டு நடக்கவேண்டும், யாரும் சில்லறை கேட்கக்கூடாது என்று ஒரு ஆசை இருந்தது. மருமகன் செல்போனில் தேடி, இருப்பதிலேயே விலை குறைந்த மெட்டல் டிடெக்டர் ஒன்றை வரவழைத்துக் கொடுத்தான். ஒரு கம்பு, கம்பின் அடியில் சாப்பாட்டுத் தட்டு அளவில் ஒரு வட்டு, மேலே முள் ஆடும் ஒரு சின்னப் பெட்டி, அவ்வளவுதான். இரும்பு என்றால் கிரீச்சென்று கத்தும், பித்தளை என்றால் கொஞ்சம் குழைந்து கத்தும், ஒரு சாணுக்குக் கீழே தங்கமே இருந்தாலும் கத்தாது.

தண்ணீர் வற்றி வெடித்துக்கிடந்த பெரியகுளத்தில் சாயங்காலம்தோறும் அதை ஆட்டிக்கொண்டு நடந்தார். சோடா மூடி கிடைத்தது, லாடம் கிடைத்தது, சைக்கிள் செயின் துண்டும் மண்வெட்டிக் கொண்டையும் கைப்பிடி இல்லாத கரண்டியும் கிடைத்தன. எல்லாவற்றையும் கழுவி மதில்மேல் வரிசையாக வைத்தார். அவர் மனைவி பிரமு அவற்றைப் பார்த்து, "இன்னும் ரெண்டு மாசம் போனா ஒரு கிலோ பேரீச்சம்பழத்துக்கு ஆகும்" என்பாள். அவர்கள் குடியிருந்தது கோயில் மனையில், அவர் அப்பா காலத்திலிருந்து கோயிலுக்கு வாடகை கட்டி இருந்துவந்த வீட்டில். வீடு அவருடையது, அதன் கீழே இருக்கிற மண் கோயிலுடையது. அதனால் வீட்டு முற்றத்தில் மட்டும் அவர் மிஷினை வைத்துப் பார்த்ததில்லை.

ஒரு நாள் குளத்தின் நடுவில் மிஷின் இதுவரை போடாத ஒரு சத்தம் போட்டது. நாதஸ்வரத்துக்குப் பக்கத்தில் ஒருவர் ஒத்து ஊதிக்கொண்டு நிற்பாரே, அந்த ஒரே சுதி. கீழேயிருந்து வருகிற, அறுந்துபோகாத, யாரையும் எதுவும் கேட்காத சத்தம். கோமதிநாயகம் களைக்கொத்தியால் தோண்டினார். ஒன்றும் இல்லை. குழிக்குமேல் வட்டைப் பிடித்தார், சத்தம் இல்லை. ஒரு முழம் தள்ளிப் பிடித்தார், சத்தம் அங்கே இருந்தது. அங்கே தோண்டினார், அது இன்னும் தள்ளிப் போயிருந்தது. பிறகு அவர் தோண்டுவதை விட்டுவிட்டு அதன் பின்னாலேயே நடந்தார். கிழவர்கள் கடைத்தெருவுக்குப் போகிற வேகத்தில் அது கரைப்பக்கமாகப் போனது, ஊரில் விளக்கு வைக்கிற நேரம் கரையடியில் நின்றது, நின்றது நின்றபடி இருந்தது.

வீட்டுக்கு வந்து, "அது நடக்குது" என்றார்.

"எது?" என்றாள் பிரமு, சுளகில் உளுந்தைப் புடைத்துக்கொண்டே.

"கீழ கிடக்கது."

"நடந்தா நடந்துட்டுப் போவுது. நீங்க காலுக்கு எண்ணெய் போட்டு வெந்நி ஊத்துங்க."

மறுநாள் வெயில் சாய்ந்ததும் அது கிளம்பியது. கரையைக் கடந்தது, ஊருக்குள் வந்தது, செல்லையாவின் டீக்கடைக்கு அடியில் கொஞ்சநேரம் நின்றது. டீக்கடையில் இருந்தவர்கள் கிளாசைக் கையில் பிடித்தபடியே வந்து வட்டைச் சுற்றி நின்று கேட்டார்கள். செல்லையா மட்டும் குனிந்து காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, "மூச்சு வாங்குத மாதிரில்லா இருக்கு. வயசான உருப்படி போல" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனான். அது அங்கிருந்து கிளம்பியதும் நாலைந்து பேர் பின்னால் நடந்தார்கள். அதற்கடுத்த நாள் நாலைந்து பேர் நாற்பது ஐம்பது பேர் ஆனார்கள்.

தோண்டிப் பார்க்காமல் இல்லை. பஜாரில் சிமெண்டு ரோட்டை உடைத்து ஆள் உயரத்துக்குத் தோண்டினார்கள். பஸ்ஸில் பக்கத்து ஆள் உட்கார ஒதுங்கிக் கொடுப்பதுபோல அது ஒதுங்கிக்கொண்டது, அவ்வளவுதான். ஜில்லாத் தலைநகரிலிருந்து ஒரு அதிகாரி திரை வைத்த பெரிய மிஷின் ஒன்றைக் கொண்டுவந்தார். அது ஒன்றையும் கேட்கவில்லை. கண்டக்டரின் மிஷின் விளையாட்டுச் சாமான், அதை நம்பி ரோட்டை உடைத்தது தப்பு என்று சொல்லிவிட்டு, மத்தியானச் சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு அவர் போனார். சரி, விளையாட்டுச் சாமானை நாமும் பிடித்துப் பார்ப்போம் என்று ஒவ்வொருவராகப் பிடித்துப் பார்த்தார்கள். மற்றவர் கையில் அது தண்ணீர்க்குழாய்க்குக் கத்தியது, செருப்பு ஆணிக்குக் கத்தியது. கண்டக்டர் கைக்கு வந்தால்தான் அந்த ஒத்துச் சத்தம் வந்தது. இதில் ஆச்சரியப்பட ஊரில் யாருக்கும் ஒன்றும் இல்லை. ஓட்டிப் பழகியவன் கைக்குத்தானே வண்டி அடங்கும்.

அது என்ன என்பதில்தான் பேச்சு இருந்தது. பழைய சண்டைக்காலத்தில் பட்டர்கள் புதைத்துவைத்துவிட்டு இடத்தைச் சொல்லாமலே செத்துப்போன உற்சவர் சிலை என்றார்கள் சிலர். கோட்டைக் கதவு என்றார்கள் சிலர். கதவு எதற்கு நடக்கவேண்டும் என்று மற்றவர்கள் கேட்டார்கள். கடைசியில் கோயில் பட்டர்தான் சொன்னார்: "வேலைவெட்டி இல்லாம சாவகாசமாத் தெருத்தெருவாப் போறதுன்னா அது சாமிதான். மனுஷாளுக்கு எங்க முடியும்?" அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அதன்பிறகு தெருவில் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டார்கள். மேளக்காரர்கள் வந்தார்கள். சத்தம் தெருவோடு போகாமல் வீடுகளுக்குள் புகுந்து போனால் வீட்டுக்காரர்கள் கட்டிலை நகர்த்தி, கேஸ் சிலிண்டரைப் புறவாசலில் கொண்டுவைத்து, முன்வாசலையும் பின்வாசலையும் திறந்து வழிவிட்டார்கள். கண்டக்டர் முன்னால் நடக்க, மேளம் பின்னால் வர, கைக்குழந்தைக்காரிகள் அதற்குப் பின்னால் வர, அடுக்களைகளையும் மாட்டுக்கொட்டில்களையும் குளியலறைகளையும் கடந்து ஊர்வலம் போனது. ஒரு நாள் செய்யதலி பாத்திமாவின் வீட்டில் அம்மிக்கு அடியில் அது வெகுநேரம் நின்றுவிட்டது. அவள் மிக்சியை நிறுத்தி, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "பாவம், இருந்துட்டுப் போகட்டும். நீங்களும் உக்காருங்க அண்ணாச்சி" என்று முக்காலியை நகர்த்திப் போட்டாள். கண்டக்டர் உட்காரப்போன நேரம் பார்த்து அது கிளம்பிவிட்டது.

மண்டகப்படி விஷயம்தான் தீரவில்லை. மேலே வருகிற சாமிக்கு, இன்ன நாளில் இன்ன வகையறாவின் மண்டபத்தில் நின்று தீபாராதனை வாங்கிக்கொள்ள வேண்டும் என்று முறை உண்டு. கீழே போகிற சாமிக்கு அந்த முறை தெரியவில்லை. செட்டிமார் மண்டகப்படியன்று அது பஸ் ஸ்டாண்டுக் கழிப்பறைக்குப் பின்னால் நின்றது. எண்ணெய்க் கடைக்காரர்கள் பந்தல் போட்டுக் காத்திருந்த அன்றைக்கு ரேஷன் கடையில் நின்றது. பந்தல் போட்டவர்கள் கண்டக்டரைத்தான் கேட்டார்கள். "கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பப்படாதா வே?" என்றார்கள். "ரூட்ட மாத்த எனக்கு அதிகாரம் கிடையாதுய்யா" என்றார் அவர். சிரித்தார்கள், ஆனாலும் மனதுக்குள் வைத்துக்கொண்டார்கள்.

கண்டக்டருக்கோ நாளுக்கு நாள் கால் கனத்தது. ஓய்வு என்று வந்த இடத்திலும் நடை, பின்னாலும் பக்கத்திலும் ஆட்கள், எங்கே நிற்கும் எப்போது நிற்கும் என்ற கேள்வி. மூட்டு வீங்கிய நாளில் கூட வாசலில் மேளம் வந்து நின்றது. "அது யாரையும் கூப்பிடல, இவுகதான் கூப்பிடுதாவ" என்று பிரமு கதவுக்கு உள்ளே நின்று சொன்னாள். ஆனால் வெயில் சாய்ந்ததும் அவரே மிஷினை எடுத்துக்கொண்டு கிளம்பினார். கீழே போகிற அதுவும் தன்னைப்போலவே உட்கார இடம் பார்க்கிறதோ என்று அவருக்கு ஒரு நினைப்பு இருந்தது. நின்ற இடத்திலெல்லாம் கற்பூரத்தைக் காட்டி, சங்கை ஊதி, தேங்காயை உடைத்துத்தானே இவர்கள் அதை எழுப்பிவிடுகிறார்கள்.

வடக்குத் தெருக்களை முடித்து, பஜாரை முடித்து, அது தெற்கே திரும்பியது. தெற்கே வாய்க்கால், வாய்க்கால்மேல் பாலம், பாலத்துக்கு அப்பால் காலனி. தேரோ சப்பரமோ அந்தப் பாலத்தைத் தாண்டியது கிடையாது. காலனிக்காரர்கள் முன்பு ஒருமுறை கேட்டு, ஆர்.டி.ஓ. முன்னிலையில் பேச்சு நடந்து, பாலம் சப்பரத்தின் பாரத்தைத் தாங்காது என்று முடிவானது. செங்கல் லாரி போகிற பாலம்தான். அது தாங்காது என்றே எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள்.

சத்தம் தெற்கே திரும்பியதற்கு மறுநாள் காலையில் தர்மகர்த்தா சிவசூரியன் கண்டக்டரின் வீட்டுக்கு வந்தார். பிரமு கொடுத்த காபியைக் குடித்தார். மதில்மேல் இருந்த லாடங்களை எடுத்துப் பார்த்தார்.

"வாய்க்கால் வந்தா சாமி நிக்கும்லா?" என்றார்.

"மண்ணுக்கு அடியில போறதுக்கு வாய்க்கால் என்ன, வரப்பு என்ன."

"அதுக்கில்ல கண்டக்டரே. நான் சாமியக் கேக்கல, உம்மையக் கேக்கேன். பாலத்துப் பக்கம் வந்து மிஷின்ல பேட்டரி தீந்துபோச்சுன்னு வையும், யாரு தப்புச் சொல்லப் போறா?"

"பொய்யில்லா?"

"பேட்டரி தீரத்தானே செய்யும்." சிவசூரியன் எழுந்து, நிலைப்படியின் மரத்தைத் தட்டிப் பார்த்தார். "நல்ல தேக்கு. உங்க அப்பா போட்டது. மனை கோயிலோடதுங்கதால ஒவ்வொருத்தனும் எங்கிட்ட வந்து அந்த இடத்த எனக்குக் கொடு, எனக்குக் கொடுன்னு நிக்கான். நீரு இருக்கணும்னுதான் எனக்கு ஆசை."

அவர் போனதும் பிரமு காபித் தம்ளரை எடுத்துக்கொண்டே கேட்டாள்: "வீட்டத் தூக்கித் தலையில வச்சுக்கிட்டு எங்க போறது?" கண்டக்டர் மிஷினை எடுத்து மடியில் வைத்தார். பெட்டியைத் திறந்து பேட்டரியைப் பார்த்தார். அது புதிது.

அன்று சாயங்காலம் ஊரே பின்னால் வந்தது. சத்தம் ஒரு அவசரமும் இல்லாமல் தெற்கே போனது. பாலத்துக்கு முன்னால் மேளம் தானாக நின்றது, கூட்டம் நின்றது, சிவசூரியன் நின்று கண்டக்டரின் முதுகைப் பார்த்தார். கண்டக்டரும் நிற்கத்தான் நினைத்தார். விசையை அணைக்கக் கட்டைவிரலை வைத்தார். ஆனால் சத்தம் வாய்க்காலுக்கு அடியில் இறங்கி அந்தப் பக்கம் ஏறியபோது அதில் ஒரு தள்ளாட்டம் இருந்தது. கையைப் பிடித்து அக்கரையில் ஏற்றிவிட யாரும் இல்லையே என்று தோன்ற, அவர் பாலத்தின்மேல் நடந்துபோய்விட்டார். யாரும் கூப்பிடவில்லை. யாரும் பின்னால் வரவும் இல்லை.

அந்தத் தெருவுக்குள் அவர் வந்தது இதுவே முதல் தடவை. மனிதர்களை மட்டும் தெரியும். பாலம் ஸ்டாப்பில் ஏறுகிறவர்கள், பாலம் ஸ்டாப்பில் இறங்குகிறவர்கள். இங்கே கோலம் இல்லை, விளக்கு இல்லை. குழாயடியில் நின்ற பெண்கள் குடத்தை நகர்த்தி வழிவிட்டார்கள். சத்தம் ஒரு ஓட்டுவீட்டின் முற்றத்துக்கு வந்தது. அங்கே கனகமணி என்பவள் மடியில் சுளகை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். அவளுக்கு இடதுபக்கம், துணி துவைக்கிற கல்லுக்கு அடியில், அது நின்றது. நின்று, கொஞ்சம் அசைந்து, இன்னும் கொஞ்சம் அசைந்து, படுக்கையில் ஒருக்களித்துப் படுக்கிறவர் உடம்பை ஒடுக்கிக்கொள்வதுபோல அடங்கியது. ஒத்துச் சத்தம் மெலிந்து, விட்டுவிட்டு, நீளநீளமாக வந்தது. நின்ற இடங்களிலெல்லாம் கேட்டவர் அவர்; இப்படி அவர் கேட்டதில்லை.

"நின்னுட்டா அண்ணாச்சி?" என்றாள் கனகமணி, நூலைச் சுற்றி முடித்து.

"நின்னுட்டும்மா. உறங்கிட்டுன்னு நினைக்கேன்."

"இங்கயா?"

"இங்கதான்."

கனகமணி சுளகை இறக்கி வைத்தாள். அவள் மருமகன் பொன்வண்ணன் உள்ளேயிருந்து வந்தான், கரண்ட் வேலைக்குப் போகிறவன். இன்னும் நாலைந்து பேர் வந்தார்கள். பொன்வண்ணன் கல்லையும் மிஷினையும் பாலத்தின் பக்கத்தையும் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"பாலம் தாங்காதுன்னாங்கல்லா? இப்ப வாங்க, நானும் வாரேன். அங்க போயி, சாமி காலனியிலதான் இருக்குன்னு உங்க வாயால சொல்லுங்க."

"அவர் சொல்லப்படாது" என்றாள் கனகமணி.

"ஏன் அத்தே?"

"ஏன்னா? இந்த இடத்துக்கு நம்மகிட்ட பட்டா இருக்கா? கோயில் தோப்புல சேந்ததுன்னு ரெண்டு தடவ வந்து கல்லு நட்டாவ. ரெண்டு தடவையும் நாமதான் புடுங்கிப் போட்டோம். சாமி இங்க இருக்குன்னு இவர் போயிச் சொன்னாருன்னா, நாளைக்கே கம்பிவேலி வரும். சாமி வேலிக்கு உள்ள, நாம வேலிக்கு வெளிய. தெருவுக்குச் சாமி வந்ததுன்னு பெருமை பேச நமக்குத் தெரு இருக்காது."

பொன்வண்ணன் பாலத்தைப் பார்ப்பதை விட்டான். துவைகல்லில் போய் உட்காரப்போனவன், கீழே அது இருக்கிற நினைவு வந்து, உட்காராமல் நின்றான்.

கண்டக்டர் அவர்களைப் பார்த்தார். சாமி இங்கே இருக்கிறது என்று ஒத்துக்கொண்டால் அங்கே தன் வீடு போகும். இங்கே இந்த முற்றம் போகும், இந்தக் குழாயடி போகும், இந்த வரிசை வீடுகள் எல்லாம் போகும். பேட்டரி தீர்ந்துவிட்டது என்று சொன்னாலோ, நாளைக்குப் புதுப் பேட்டரியோடு ஊரே வந்து பாலத்தடியில் நின்று கேட்கும், எங்கே விட்டீர், எங்கே விட்டீர் என்று. அது திரும்பக் கிளம்பிப் பாலத்தைத் தாண்டி வந்துவிட்டது என்று ஊர் நம்பாமல் இந்தத் தெருவுக்கு விடிவு இல்லை.

"முதல்ல அத அணைங்க அண்ணாச்சி" என்றாள் கனகமணி. "உறங்குதுன்னு நீங்கதானே சொன்னீங்க. உறங்கட்டும். நீங்களும் செத்த உக்காருங்க."

விசையை அணைத்தார். யாரோ பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்தார்கள். எத்தனையோ சாயங்காலங்களுக்குப் பிறகு அவர் உட்கார்ந்தார். கீழே ஒன்று உறங்க, மேலே அவர் உட்கார்ந்திருக்க, கனகமணி தன்பாட்டுக்குப் பீடி இலையை எடுத்து, மேலே தகரத் தகட்டை வைத்து, அந்த அளவுக்குக் கத்தரியால் வெட்டத் தொடங்கினாள். அவர் அந்தத் தகட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு விரல் அகலம், ஒரு விரல் நீளம், ஓரமெல்லாம் தேய்ந்து பளபளத்தது.

"இதப்போல வேற ஒண்ணு இருக்காம்மா?"

"பழசு ஒண்ணு கிடக்கு. எதுக்கு?"

அவர் இடது செருப்பைக் கழற்றிக் காட்டினார். அவளுக்குப் புரிய நேரமாகவில்லை. உள்ளே போய்ப் பழைய தகட்டை எடுத்துவந்தாள். பொன்வண்ணன் கத்தியால் செருப்பின் அடித்தோலைக் கிழித்து, தகட்டைச் செருகி, பிசின் வைத்து அமுக்கினான். கண்டக்டர் அவர்களோடு தெருக்கோடிவரை நடந்துபோய், துவைகல்லுக்குக் கேட்காத தூரத்தில் நின்று, மிஷினைப் போட்டு, வட்டைத் தன் காலோரமாக ஆட்டினார். கிரீச்சென்று கத்தியது.

"இதுவும் அதுவும் ஒண்ணு இல்லியே" என்றான் பொன்வண்ணன்.

"ஒண்ணு இல்ல. சாமி இப்பம் கோவமா இருக்குன்னு சொல்லிக்கிடுவாவ."

"எத்தன நாளைக்கு அண்ணாச்சி இப்படி நடப்பீங்க?" என்று கேட்டாள் கனகமணி. அவர் குனிந்து செருப்பு வாரை இழுத்துச் சரிசெய்தார். அவள் அவருடைய முழங்காலைப் பார்த்தாள், பிறகு வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள்.

அவர் பாலத்தைத் தாண்டி ஊர்ப்பக்கம் வந்தபோது மிஷின் ஒவ்வொரு இடது காலுக்கும் ஒருமுறை கத்தியது. கூட்டம் கைகூப்பியது. "திரும்பிட்டு, திரும்பிட்டு" என்றார்கள். மேளம் எடுத்தது. அவர் அவர்களைக் கீழத்தெருவழியாகக் கூட்டிக்கொண்டு போய், விளக்கு வைக்கிற நேரத்தில் செட்டிமார் மண்டபத்து வாசலில் இடது காலை ஊன்றி நின்றார். செட்டிமார் அழுதார்கள். தேங்காய் உடைத்தார்கள். சத்தம் மாறியதைச் சாமியின் கோபம் என்று பேசிக்கொண்டார்கள்; பட்டர் ஒருவர்தான் சந்தேகப்பட்டார். கண்டக்டரின் முகத்தைப் பார்த்தார், செருப்பைப் பார்த்தார், பிறகு தட்டில் கற்பூரத்தை ஏற்றிக்கொண்டார்.

அதற்குப் பிறகு வாகைப்பேரியில் சாமி முறை தவறவில்லை. அவரவர் மண்டகப்படியன்று அவரவர் மண்டபத்தில் நின்றது. இடையில் உள்ள நாட்களில் பிள்ளை பெற்ற வீடுகளிலும், கல்யாணம் தட்டிப்போன வீடுகளிலும், கோமதிநாயகத்துக்கு உட்காரவேண்டும் போலிருந்த வீடுகளிலும் நின்றது. குளம் நிரம்பியது, வற்றியது. தகடு செருப்பைத் தின்று, தோலைத் தின்று, குதிகாலில் ஒரு வடுவாக ஆனது. பிரமுவுக்கு அவர் சொல்லவில்லை. வெந்நீர் ஊற்றும்போது அவளே வடுவைப் பார்த்துத் தெரிந்துகொண்டாள். "அது எங்க இருக்கு?" என்று ஒருநாள் கேட்டாள். "உறங்குது" என்றார். "அது மட்டுமாவது உறங்கட்டும்" என்று அவள் அவர் காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அங்கே போய்க் கேட்கவேண்டும் என்று அவருக்கு இருந்தது. அந்த நாற்காலியில் உட்கார்ந்து, துவைகல்லுக்கு அடியில் வருகிற நீளமூச்சை ஒரேயொரு தடவை கேட்டால் போதும். ஆனால் அவர் எங்கே போனாலும் பின்னால் ஊர் வரும். அதனால் பாலத்தின் பக்கம் அவர் திரும்பவே இல்லை. கீழத்தெரு முடிந்ததும் குதிகாலைத் திருப்பி, மிஷினை வடக்கே கத்தவைத்தார்.

ஒரு சாயங்காலம் அப்படித் திருப்பும்போது தர்மகர்த்தா சிவசூரியன் அவர் பக்கத்தில் நடந்துவந்தார். வயதாகிவிட்டது, கம்பை ஊன்றித்தான் நடந்தார். பாலத்தைக் கொஞ்சநேரம் பார்த்தார்.

"அன்னைக்குச் சாமி சும்மா போயி எட்டிப் பாத்துட்டு வந்துட்டு பாத்தீரா? அதுக்கப்புறம் அந்தப் பக்கம் ஒரு தடவ கூடப் போகலியே" என்றார், மனநிறைவோடு. "எங்க இருக்கணும்னு சாமிக்கே தெரியும், கண்டக்டரே."

"தெரியும்" என்றார் கோமதிநாயகம். வலித்த காலை எடுத்து முன்னால் வைத்தார். மிஷின் கத்தியது. மேளம் எடுத்தது.